இரண்டாம் முறைக்கு ஒரு ஆள்

அத்தானின் கப்பல் ஒரு வளைகுடாத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டுக் கிடந்த காலத்தில், தொலைபேசி எடுத்ததும் அக்கா சுகம் விசாரிப்பதில்லை. “ஊர் இப்ப எந்தப் பக்கம் நிக்கி?” என்றுதான் கேட்பாள்.

நங்கூரத்தில் கிடக்கும் கப்பல் சும்மா நிற்பதில்லை. காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் இணங்கி, கட்டையில் கட்டிய மாடு போல மெல்லச் சுற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே இருப்பவனுக்குக் கப்பல் சுற்றுவது தெரியாது. கரைதான் நகர்ந்து போவதாகத் தோன்றும். காலையில் அந்தத் துறைமுக நகரம் கப்பலின் சமையலறை யன்னலில் நிற்கும். வெள்ளைக் கட்டடங்கள், ஒரு பள்ளிவாசல் கோபுரம், பாரந்தூக்கிகள். மதியத்தில் பார்த்தால் யன்னலில் வெறுங்கடல். பின்னேரம் அதே நகரம் அத்தானின் படுக்கையறைப் பக்கம் வந்து நிற்கும்.

“இப்ப குசினிப் பக்கம் நிக்கி புள்ள,” என்பார் அத்தான். “மறுகா கட்டிலடிக்கு வரும். இஞ்ச எழுவான்கரையும் இல்ல, படுவான்கரையும் இல்ல. ஒரே கரைதான், அது என்னச் சுத்திக் கொண்டு திரியுது.”

அக்கா கேட்டுச் சிரிப்பாள். சிரித்தபடியே வாவியைப் பார்ப்பாள். எங்கள் ஊர் குருக்கள்மடம். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவே ஒரு துண்டு நிலம். சூரியன் எழும் இந்தப் பக்கம் எழுவான்கரை, அது விழும் அந்தப் பக்கம் படுவான்கரை. இங்கே பிறந்தவர்களுக்குக் கரை என்பது சூரியனோடு சேர்த்து முளையடித்து வைத்த ஒன்று. அது நகரும் என்று யாராவது சொன்னால் கனவைச் சொல்வது போலத்தான் இருக்கும். அந்த நாட்களில் எனக்கும் அப்படியொரு கனவு அடிக்கடி வந்தது. படுவான்கரை வயல்களின் மேலே ஒரு பெரிய கப்பல் சத்தமில்லாமல் மிதக்கும். நெற்கதிர்கள் அதன் வயிற்றைத் தடவும். மேல்தட்டில் அத்தான் நின்று என்னைப் பார்த்துக் கையசைப்பார். நான் இறங்கச் சொல்லிக் கத்துவேன். அவர் காதில் கை வைத்துக் கேட்பார். பிறகு கப்பல் மெல்லத் திரும்பும், அவர் மறைந்து போவார்.

விழித்திருக்கும்போது நடந்ததும் கிட்டத்தட்ட அதுதான்.

கப்பலின் சொந்தக்காரர் கடன்பட்டுக் காணாமற்போனார். எண்ணெயும் இல்லை, சம்பளமும் இல்லை. அந்த நாட்டு நீதிமன்றம் கப்பலைத் தடுத்து வைத்தது. மாலுமிகளை வீட்டுக்கு அனுப்ப ஒத்துக்கொண்டது, ஆனால் கப்பலை ஆளில்லாமல் விட முடியாது, ஒருவர் பொறுப்பாக நிற்க வேண்டும் என்றது. துறைமுக முகவர் வந்து மேல்தட்டில் எல்லோரையும் நிறுத்திக் கேட்டாராம், யார் நிற்பது என்று. அத்தான் கையைத் தூக்கினார். “முதல் முறை நான் நிக்கன்,” என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். கையொப்பமும் வைத்தார்.

அத்தான் கிரான் என்ற வயல் ஊரில் பிறந்தவர். எங்கள் பக்கத்து வழக்கப்படி அக்காவைக் கட்டி எங்கள் வீட்டுக்கு வந்தவர். அவர்களுடைய வட்டையில், அதாவது ஊரார் பலருடைய வயல்கள் ஒன்றாகக் கிடக்கும் அந்த வெளியில், கதிர் முற்றும் காலத்தில் யானைக்கும் பன்றிக்கும் காவல் வைப்பார்கள். வயற்காரர்கள் முறை வைத்துப் பரணில் ஏறுவார்கள். அடுத்த முறைக்காரன் தன் நேரத்துக்குத் தானாக வருவான். வரம்பில் நின்று, “ஆரு காவல்?” என்று குரல் கொடுப்பான். மேலே இருப்பவன், “நான்தான், இறங்கட்டா?” என்பான். “இறங்கு, நான் ஏறுறன்,” என்று பதில் வந்த பிறகுதான் காலை ஏணியில் வைப்பான். அதற்கு முன் இறங்கினவனுக்கு அந்த வட்டையில் பிறகு மரியாதை இல்லை. ஏறினவனை மாற்ற ஆள் வராமல் போனதும் இல்லை. யாரையும் தேடிப் போய் அழைத்து வர வேண்டியதும் இல்லை.

அத்தான் அந்தப் பரணைத்தான் நினைத்துக் கையைத் தூக்கினார். கூட வேலை செய்தவர்கள் முறைக்கு ஒருவராக வந்து மாற்றுவார்கள் என்று நம்பினார். அவர்கள் படகில் ஏறி, விமானம் ஏறி, தங்கள் தங்கள் நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஒருவரும் திரும்பி வரவில்லை. அவர்களுடைய ஊர்களில் அப்படியொரு முறை இல்லை என்பது அத்தானுக்குத் தெரியாது. நீதிமன்றத்தில் இருந்த தாளின்படி, கப்பல் விற்கப்படும்வரை அதன் காவலர் அவர். அது எப்போது விற்கப்படும் என்று ஒருவருக்கும் தெரியாது. இறங்கிக் கரைக்குப் போகவும் முடியாது.

தண்ணீரும் சாப்பாடும் ஒரு சிறிய படகில் வந்தன. அந்த ஊர் மாலுமிகள் நலச் சங்கம் அனுப்பியது. படகோட்டி ஒரு வயதான அரபிக்காரர். அத்தானின் தொலைபேசிக்கு மின்னேற்றும் பெட்டியைக் கரைக்குக் கொண்டுபோய், நிரப்பி, அடுத்த தடவை கொண்டுவருவார். அது தீரும்வரைதான் எங்களோடு பேச்சு. அருகே இன்னொரு கைவிடப்பட்ட கப்பலும் நின்றது. அதிலும் ஒரு தனி ஆள். பின்னேரங்களில் அவன் ஒரு துணியை வீசுவான், அத்தானும் தன் கைலிச் சாரத்தை எடுத்து வீசுவார். அவன் எந்த நாட்டவன் என்று அத்தானுக்குத் தெரியாது.

“என்ன பேசுவீங்க அவனோட?” என்று ஒரு நாள் அக்கா கேட்டாள்.

“துணிதான் பேசும் புள்ள. ஓம், நான் இரிக்கன் எண்டு.”

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்தவன் நான் ஒருவன்தான். சட்டம் படித்துவிட்டு நகரத்தில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். அதனால் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அப்பா வாவியில் வலை வீசுபவர். வலையைக் காயப்போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் குந்துவார்.

“உன்ட சட்டப் புத்தகத்தில ஒண்டும் இல்லையா மனே?”

இருந்தது, ஆனால் எட்டவில்லை. கப்பல் வேறொரு நாட்டின் கொடியின் கீழ் ஓடியது. அந்த நாட்டுக்குக் கடிதம் எழுதினோம், பதில் இல்லை. அத்தானை வேலைக்கு எடுத்த கொழும்பு முகவர் நிலையத்துக்கு நானே போனேன். அங்கிருந்தவர் பணிவாகத்தான் பேசினார். கைவிடப்பட்ட மாலுமியைக் கொண்டுவருவது எங்கள் கடமைதான் தம்பி, ஆனால் உங்கள் அத்தான் கைவிடப்பட்டவர் இல்லையே, தன் விருப்பத்தோடு நின்றவர் அல்லவா, கையொப்பம் இருக்கிறதே என்றார். திரும்பும் ரயிலில் யன்னலோரம் இருந்து பார்த்துக்கொண்டு வந்தேன். காடும் வயலும் குளமும் பின்னால் போய்க்கொண்டிருந்தன. அத்தானுக்கும் கரை இப்படித்தான் தெரியும் என்று நினைத்தேன்.

அப்போதுதான் அறிவித்தல் வந்தது. கடலோடிகளின் உரிமைகளையும் நலன்களையும் பற்றிய பழைய சட்டத்தைத் திருத்தப் போகிறார்கள், நகர மண்டபம் ஒன்றில் கூட்டம், விருப்பமானவர்கள் வந்து கருத்துச் சொல்லலாம். வரைவைக் கந்தோரில் வைத்து வரி வரியாக வாசித்தேன். சம்பளம், ஓய்வு, நல்ல சாப்பாடு, குடிநீர், துறைமுகத்தில் கரையிறங்கும் உரிமை, வீட்டோடு பேசும் உரிமை. கைவிடப்பட்ட மாலுமியைக் கொடி நாடு கொண்டுவராவிட்டால் நம் அரசே கொண்டுவந்து, செலவைப் பிறகு அறவிடலாம் என்றும் ஒரு பந்தி இருந்தது. அதை வாசித்தபோது எனக்குக் கண் கலங்கியது. யாரோ முன்பின் தெரியாத ஒருவர் எங்கள் அத்தானை நினைத்து எழுதியது போல இருந்தது. ஆனால் அடுத்த வரியிலேயே, தன் சம்மதத்துடன் கப்பலில் தங்கியவர் தவிர, என்று இருந்தது.

கூட்டத்துக்கு அப்பாவும் வந்தார், அக்காவும் வந்தாள். அறிவித்தல் மீனவர் சங்கங்களுக்கும் போயிருந்ததால் மண்டபம் நிறைய வாவி மீனவர்கள். கொழும்பிலிருந்து வந்த அதிகாரி அம்மா நன்றாகத் தமிழ் பேசினார். அவர் விளக்கி முடித்ததும், பின்வரிசையில் ஒருவர் எழும்பினார்.

“மேடம், எங்கட தோணிக்கும் இந்தச் சட்டம் வருமா?”

“இது கப்பலில் வேலை செய்பவர்களுக்கு ஐயா.”

“அப்ப வாவிக்க ஒரு கப்பலக் கொண்டு வந்து விடுங்களன்!”

அப்பாவுக்கு வாய் சும்மா இருக்காது. “அதுக்கு முகத்துவாரத்த நல்லா அகலமா வெட்டோணும். வெட்டினா இறால் எல்லாம் கடலுக்குப் போயிரும். நீதான் முதல்ல வந்து கத்துவாய்!”

மண்டபம் சிரித்தது. அதிகாரி அம்மாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குமுன் அக்கா எழுந்து நின்றாள். அவள் பேசப் போகிறாள் என்று எனக்குத் தெரியாது. நான் பேசுவதற்கு எழுதி வைத்திருந்தேன். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, அத்தானின் கதையை முதலிலிருந்து சொன்னாள். பரணைப் பற்றிச் சொன்னாள். வரம்பில் நின்று குரல் கொடுப்பதைப் பற்றியும் சொன்னாள். மண்டபத்தில் பலர் தலையாட்டினார்கள். வயல் இல்லாதவர்களுக்கும் அந்த வழக்கம் தெரியும்.

“உங்கள் கணவர் சம்மதித்துத்தானே நின்றவர்?” என்று அதிகாரி அம்மா மெதுவாகக் கேட்டார்.

“ஓம் மேடம். முதல் முறைக்குச் சம்மதிச்சவர்.”

“அப்போ இரண்டாம் முறைக்கு யார்?”

“அதத்தான் மேடம் நானும் கேக்கன்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு அதை எடுத்து அந்தக் கேள்வியை எழுதிக்கொண்டார். காவலுக்கு நிறுத்தும்போதே மாற்று ஆளின் பெயரைச் சொல்லாமல் எந்த மாலுமியையும் நிறுத்தக் கூடாது, அப்படி நிறுத்தப்பட்டவரைக் கைவிடப்பட்டவராகவே கொள்ள வேண்டும் என்ற என் வாசகத்தையும் வாங்கி வைத்துக்கொண்டார். ஒரு ஆளுக்காகச் சட்டம் எழுத முடியாது, ஆனால் இதைக் கட்டாயம் மேலே கொண்டுபோவேன் என்றார்.

கூட்டம் கலைந்தபோது என்னைக் கூப்பிட்டார். “தம்பி, சட்டம் வர நாளெடுக்கும். அதுவரைக்கும் அவரை விடாதீங்க. நீதிமன்றத்துக்கு வேண்டியது ஒரு பொறுப்பான ஆள். அது உங்க அத்தானாத்தான் இருக்கணும் என்று இல்ல. அந்த ஊரிலேயே ஒருத்தர் பொறுப்பெடுக்க முன்வந்தா மாத்துவாங்க. ஆளைத் தேடுங்க.”

பேருந்தில் வரும்போது அக்கா வாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழைக்கு முந்திய வெளிச்சம். தண்ணீரும் வானமும் ஒரே நிறம். தோணிகள் காற்றில் தொங்குவது போல நின்றன. கல்லடிப் பாலம் தாண்டியதும் திரும்பி, “அந்தத் தண்ணிப் படகுக்காரர்?” என்றாள்.

அரபி பேசத் தெரிந்த ஆள் எங்களுக்கு ஒருவர்தான். காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர், நாங்கள் காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுபவர். பல காலம் வளைகுடாவில் வாகனம் ஓட்டியவர், அப்பாவிடம் வாராவாரம் மீன் வாங்குபவர். கடையில் பிடவைக் கட்டுகளுக்கு நடுவே இருந்து, அத்தானிடம் நாங்கள் வாங்கிய எண்ணில் படகோட்டிக்கு அழைப்பு எடுத்தார். நாங்கள் மூவரும் சுற்றி நின்றோம்.

பேச்சு நீண்டது. காக்கா கையை உயர்த்திப் பரண் காட்டினார், தும்பிக்கை போலக் கையை ஆட்டினார், தொலைபேசிக்கு அந்தப் பக்கம் அது தெரியும் என்பது போல. நடுவில் வாயைப் பொத்திக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

“யானை எண்டா அந்த மனிசன் சிரிக்கான். அவங்கட ஊரில யானை ஏது? நான் ஈச்சந் தோட்டம் எண்டு மாத்திச் சொல்றன்.”

“பொய்யாகாதா காக்கா?” என்றார் அப்பா.

“பொய்யில்ல. ஈச்சம்பழம் பழுக்கிற காலத்தில அவங்களும் காவல் வைக்கிறதான். முறைக்கு முறை.” மறுபடியும் பேசினார். இம்முறை அதிகம் பேசியது மறுபக்கம். காக்காவின் முகம் மெல்ல மாறியது. தொலைபேசியை வைத்தார்.

“என்ன சொல்றார் காக்கா?” என்றாள் அக்கா.

“அந்த மனிசன் என்னை ஏசுறார் புள்ள. இவ்வளவு நாளும் நான்தானே தண்ணி கொண்டு போறன், முறை முடிஞ்சிட்டு எண்டு அவன் எனக்கு ஏன் சொல்லல்ல எண்டு கேக்கார். தான் ஏறுறாராம். கரையில சும்மா இருக்கிற கிழவன், கப்பல்ல இருந்தா என்ன, பகலில ஒருக்கா வந்து மகன்மாரப் பார்ப்பாராம்.”

அதற்குப் பிறகும் எளிதாக நடக்கவில்லை. நலச் சங்கம் படகோட்டிக்குப் பிணை நின்றது. என் சட்டத்தரணி தன் பெயரில் கடிதங்கள் எழுதினார். அங்கே உள்ளூர்க்காரர் என்பதால் நீதிமன்றம் கிழவருக்குக் கரைக்கு வந்துபோக அனுமதி கொடுத்தது. அத்தானுக்குக் கொடுக்காத அனுமதி. அதை வாசித்தபோது மகிழ்ந்தேனா கோபப்பட்டேனா என்று இப்போதும் சொல்ல முடியவில்லை.

மாற்றும் நாளில் காக்கா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். வாவிப் பக்கத்து வாசலில் கதிரைகளைப் போட்டுக்கொண்டு இருந்தோம். வெயில் தாழ்ந்திருந்தது. அத்தான் தொலைபேசியைக் கப்பலின் கைப்பிடிக் கம்பியில் வைத்திருந்தார் போல, எங்களுக்குக் காற்றின் இரைச்சல்தான் கேட்டது. பிறகு படகு இயந்திரம். அது நின்றது. கீழே தண்ணீர் இரும்பில் தட்டும் சத்தம்.

அதற்குள்ளிருந்து ஒரு கிழட்டுக் குரல், சொற்களைக் கல் போலத் தூக்கி வைத்து, “ஆரு காவல்?” என்றது.

காக்கா பற்களைக் காட்டிச் சிரித்தார். அவர்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

அத்தானிடமிருந்து பதில் வரவில்லை. காற்று மட்டும் வந்தது. அவர் அழுகிறாரோ, காதில் கை வைத்துக் கேட்கிறாரோ, எனக்கு என் கனவு நினைவு வந்தது.

“இஞ்சாருங்க,” என்று அக்கா தொலைபேசிக்குள் கத்தினாள், “கேக்காங்கல்ல, சொல்லுங்களன்!”

“நான்தான்,” என்றார் அத்தான். “இறங்கட்டா?”

கிழவருக்குத் தமிழ் அவ்வளவுதான் தெரியும். நீளமாக அரபியில் ஏதோ சொன்னார். நாங்கள் எல்லோரும் காக்காவைப் பார்த்தோம்.

“இறங்குடா மகனே எண்டுறார். சோறு ஆறுதாம்.”

அத்தான் வீட்டுக்கு வந்து முதல் சில நாட்கள் தூங்கிக்கொண்டேயிருந்தார். நாங்கள் மெதுவாக நடந்தோம், மெதுவாகப் பேசினோம். விழிக்கும்போதெல்லாம் எழுந்து குசினிக்குப் போய் யன்னலில் பார்ப்பார். பிறகு அறைக்குப் போய் அந்த யன்னலில் பார்ப்பார். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. படுவான்கரை வயல்கள் பச்சையாக, இடம் மாறாமல் கிடந்தன.

திருத்திய வரைவு பிறகொரு மாதத்தில் வெளியானது. தொலைபேசியில் திறந்து எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். சம்மதித்தவர் தவிர என்ற சொற்கள் இல்லை. அக்கா கேட்ட கேள்வி அதில் ஒரு பந்தியாக இருந்தது: கப்பலுக்குப் பொறுப்பாக நிறுத்தப்படும் மாலுமிக்கு, இயன்றவரை, மாற்று ஆள் முன்கூட்டியே பெயர் குறிக்கப்பட வேண்டும்.

“இயன்றவரை எண்டா?” என்றார் அப்பா.

“ஏலுமெண்டாச் செய்யலாம், ஏலாட்டி விடலாம் எண்டுதான்.”

“அத யானையிட்டச் சொல்லிப்பாரு மனே.”

அக்கா சிரித்தாள். அத்தான் சிரிக்கவில்லை. வாசலில் குந்தியிருந்து வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொடியில் காய்ந்த சாரத்தை எடுத்து மடித்து, மறுபடி விரித்து, மடியில் வைத்திருந்தார்.

“கிழவர் காக்காட்டச் சொன்னவராம்,” என்றார் கொஞ்சம் கழித்து. “பக்கத்துக் கப்பல்காரன் இன்னும் பின்னேரத்தில துணி வீசுறானாம். கிழவரும் தலைத்துண்ட எடுத்து வீசுறாராம். ஆள் மாறினது அவனுக்கு விளங்கிச்சோ தெரியா.”

தூரத்தில் ஒரு தோணி, யாரோ தண்டு வலிக்காமல் நீரோட்டத்தில் விட்டிருந்தார்கள், அது தன்பாட்டில் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

“தம்பி,” என்றார் அத்தான், “அந்த இயன்றவரை எண்ட சொல்ல எடுக்கச் சொல்லி எழுத ஏலுமா?”

“ஏலும் அத்தான். இன்னும் கருத்துக் கேக்காங்க.”

“அப்ப எழுது. நான் சொல்றன், நீ எழுது.”

கொப்பியை எடுத்து வந்து அவர் பக்கத்தில் இருந்தேன். வாவிக்கு அப்பால் படுவான்கரையில் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் சாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு யோசித்தார். உள்ளே அக்கா விளக்கைப் போட்டாள். அவர் திரும்பி அந்த வெளிச்சத்தைப் பார்த்தார்; அது அங்கேயே நிற்கிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொல்லத் தொடங்கினார்.